கீழே நீலம், மேலே சிவப்பு

நீல மூடிப் புட்டியில் இருந்ததை அக்கா முதலில் ஒரு காலி இருமல் மருந்துப் புட்டியில் ஊற்றினாள். பிறகு சிவப்பு மூடிப் புட்டியில் இருந்ததை நீல மூடிப் புட்டிக்கு மாற்றினாள். கடைசியாக, இருமல் மருந்துப் புட்டியில் காத்திருந்ததைச் சிவப்பு மூடிப் புட்டிக்குக் கொடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. வாழ்நாள் முழுக்க ஊசியில் நூல் கோத்த கை. நடுங்க வேண்டிய நேரத்தில் அது நடுங்காமல் இருந்ததுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

முன்னறையில் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு உள்ளே போகும், நிற்கும், போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும், பிறகு வெளியே வரும். அது நின்ற ஒவ்வொரு தடவையும் அக்காவும் சமையலறையில் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

யாராவது பார்த்திருந்தால் விஷம் கலக்கிறாள் என்றே நினைத்திருப்பார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. குடிக்கிற சமாச்சாரமே இல்லை இது. பொம்மை விமானத்தில் எழுத்து ஒட்டுவதற்கான மருந்து. பொம்மை என்று சொன்னால் தம்பிக்குக் கோபம் வரும். "மாடல்னு சொல்லுக்கா" என்பான். அவள் ஸ்டிக்கர் என்றாலும் விடமாட்டான், டெக்கல் என்று திருத்துவான். திருத்தட்டும் என்றேதான் அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் வாயிலிருந்து இப்போதெல்லாம் வேறு பேச்சு அதிகம் வருவதில்லை.

தம்பி விமான மெக்கானிக். நிஜ விமானத்தையே வண்டி என்பான். ஓய்வு பெற்ற பிறகு, தான் பழுது பார்த்த வண்டிகளை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக்கில் செய்து அலமாரியில் அடுக்கினான். அவன் மனைவி இறந்த பிறகு அக்காவும் தையல் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவனோடு வந்துவிட்டாள். ஒரு அறையில் தைக்கிற சத்தம், இன்னொரு அறையில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம். இப்படியே ஓடிவிடும் என்று இருவரும் நினைத்திருந்தார்கள். அதற்குள் மருத்துவமனையில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்பிலேயே அக்காவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அவன் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்தான். இரண்டு காற்றாடி வைத்த சின்னச் சரக்கு விமானம். நிஜத்தில் அதிக காலம் அவன் கைக்குள் இருந்த வண்டி அதுதான். மகள் குழந்தையாக இருந்தபோது ஒருநாள் அதன் விமானி இருக்கையில் உட்காரவைத்திருக்கிறான். அவள் இறங்கமாட்டேன் என்று அழுதாளாம். விமானக் கொட்டகையில் கூட வேலை பார்த்து, ஸ்பேனர் என்று பட்டப்பெயர் வாங்கி, இப்போது உதவிக்கு வந்துபோகும் பழைய கூட்டாளியிடம் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான், "இதுதான்டா கடைசி வண்டி. இது கிளம்பினா நானும் கிளம்பிடுவேன்." ஸ்பேனரும் சிரித்தான். பக்கத்து அறையில் தையல் இயந்திரம் நின்றது.

அன்றிலிருந்து அக்கா கவனிக்க ஆரம்பித்தாள். இறக்கைகளை ஒட்டிய வாரம் அவனால் எழுந்து நடக்க முடியாமல் போனது. வெள்ளை வண்ணம் அடித்து முடித்த வாரம் சாப்பாடு நின்று, கஞ்சித் தண்ணீர் மட்டும் என்றானது. சக்கரம் பூட்டிய அன்று சாயந்திரம் தன் மகளின் பெயரை ஞாபகத்துக்குக் கொண்டுவர வெகுநேரம் ஆனது. விமானம் முழுசாக ஆக ஆக அவன் குறைந்துகொண்டே வந்தான். தற்செயல்தான் என்று பகலில் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். விளக்கை அணைத்த பிறகு அப்படிச் சொல்ல வரவில்லை.

இனி பாக்கி ஒன்றே ஒன்று. விமானத்தின் இடப்பக்கத்துப் பதிவு எண். வலப்பக்கத்தில் நேற்று ஒட்டியாகிவிட்டது.

"நம்பர் இல்லாம எந்த வண்டியும் தரையை விட்டுக் கிளம்பாதுக்கா. அது சட்டம்" என்று நேற்றுதான் சொன்னான். சாதாரணமாகச் சொன்னான். ஆனால் அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கிளம்பாது அல்லவா? அப்படியானால் நம்பர் வேண்டாம். நிரந்தரமாக வேண்டாம் என்று கேட்கிற அளவுக்கு அவள் பேராசைக்காரி இல்லை. நாளை மத்தியானம் வரைக்கும் போதும். மூன்று விமானம் மாறி மகள் வந்துகொண்டிருந்தாள். அதுவரை அவன் இருக்க வேண்டும்.

அவனோ மகள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். "அவ கையில குடுக்கிறப்ப ரெண்டு பக்கமும் நம்பர் இருக்கணும். இன்னைக்கே ஒட்டிடலாம்க்கா. நாளைக்கு எனக்குக் கை இருக்குமோ என்னவோ."

அந்த மருந்துகளின் கணக்கை அவனேதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். முதலில் நீல மூடி. அதைத் தூரிகையால் விமானத்தின் உடம்பில் தடவ வேண்டும். தண்ணீரில் ஊறிய தாளிலிருந்து எழுத்துப் படலத்தை வழுக்கி அந்த ஈரத்தின் மேல் இறக்கினால், இப்படி அப்படி நகர்த்தி நேராக்கிக்கொள்ளலாம். துணியால் ஒற்றியெடுத்த பிறகுதான் சிவப்பு மூடி, மேலாக ஒரே ஒரு பூச்சு. சிவப்பு பொல்லாதது. படலத்தை இளக்கி, உடம்பில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் ஆணித்தலைக்குள்ளும் இறக்கிவிடும். காய்ந்தால் ஒட்டியது மாதிரியே இருக்காது, வண்ணத்தில் எழுதிய மாதிரி இருக்கும். "கீழே நீலம், மேலே சிவப்பு. மாத்திப் போட்டா அம்போதான்" என்று அவன் சொன்னதை அவள் அப்போது சும்மாதான் கேட்டுவைத்தாள்.

முதல் டெக்கல் ஒட்டிய நாளன்று, சிவப்புப் பட்டதும் படலம் பாலாடை போலச் சுருங்கிப் பொங்கியது. தையல்காரியின் விரல் தானாக நீண்டது. சுருக்கத்தைக் கண்டால் நீவிவிடாமல் இருக்க அவளால் முடியாது. தம்பி தூரிகைக் காம்பால் அவள் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினான்.

"கை வைக்காத. இது சுருங்கத்தான் செய்யும். பார்க்கச் சகிக்காது. ஆனா இப்ப தொட்டேன்னா கிழிஞ்சு விரலோட வந்துடும். விட்டுடுக்கா. அதுவே படிஞ்சுக்கும்."

அன்று அவள் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்து அவன் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, தண்ணீர் கொடுத்து ஆசுவாசப்படுத்த வேண்டியிருந்தது.

வெயில் ஜன்னலுக்கு வந்ததும் அவன் விழித்தான். ஸ்பேனர் வந்து முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி உட்காரவைத்துவிட்டுப் போனான். அக்கா பலகையைக் குறுக்கே வைத்து, விமானத்தை இடப்பக்கம் தெரியும்படி நிறுத்தி, புட்டிகளை எடுத்துவைத்தாள்.

தம்பி நீல மூடியைத் திறந்தான். திறந்து மூக்கருகே கொண்டுபோனான்.

அக்காவுக்குத் திக்கென்றது. கொட்டகைப் பழக்கம் அது. எந்த டப்பாவையும் முகர்ந்து பார்க்காமல் அவன் உபயோகித்ததில்லை. நீல மூடி மருந்தில் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர் வாசனை தூக்கலாக இருக்கும். இதை எப்படி மறந்து தொலைத்தாள்! ஆனால், மருந்து சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து எதுவும் மணக்கவில்லை என்று போன மாதம் அவனே சொல்லியிருந்தான். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவன் புட்டியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. தாளை நனை."

அவள் நனைத்துக் கொடுத்தாள். அவன் மருந்தைத் தடவினான். படலத்தை இறக்கினான். அது நகரவில்லை. விழுந்த இடத்திலேயே துவண்டு, கோணலாகப் பிடித்துக்கொண்டது. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று மடங்கின. தூரிகை முனையால் ஒருதரம் மெல்லத் தள்ளினான். நடுவில் கிழிந்தது.

நினைத்தது நடந்துவிட்டது. ஆனாலும் அக்காவுக்கு நெஞ்சு எரிந்தது. ஒரு நூலிழை கோணினாலும் ஸ்பேனரை வாய்க்கு வந்தபடி திட்டுகிறவன் இவன். இப்போதும் திட்டப்போகிறான் என்று காத்திருந்தாள்.

அவன் தூரிகையைக் கழுவி, துணியில் துடைத்து, பலகையின் ஓரத்தில் வைத்தான்.

"சரி விடு. நாளைக்குப் பார்த்துக்கலாம். இன்னொரு தாள் டப்பாவுல இருக்கு. அவ எப்ப வர்றா?"

"நாளைக்கு மத்தியானம்."

"ம்" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

நாளைக்கு என்று அவன் வாயாலேயே சொல்லிவிட்டான். அக்கா பலகையை எடுத்தாள், தலையணைகளை இறக்கினாள், போர்வையை இழுத்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு தெருவில் போன காய்காரனிடம் பேரம்கூடப் பேசினாள். ஆனால் திரும்பி வந்தபோது வீடு ஏதோ அளவுக்கு மீறி அமைதியாக இருப்பதாகப் பட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். மூச்சு இருந்தது. போய், நின்று, யோசித்து, வந்தது.

பிற்பகலில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு நிமிடம்தான் என்று நினைத்தாள். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் நேரம் போனது தெரியவில்லை.

"அக்கா."

"சொல்லுடா."

"பால் தீயுது பாரு."

அவளுக்கு ஒரு வாசனையும் வரவில்லை. எழுந்து ஓடினாள். பால் வற்றி, பாத்திரத்தின் அடி அப்போதுதான் பிடிக்கத் தொடங்கியிருந்தது. அடுப்பை அணைத்து, துணியால் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினாள். இறக்கிக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

அவனுக்கு மணக்கிறது.

அவளுக்கு முன்னால் அவனுக்கு மணந்திருக்கிறது. அப்படியென்றால் காலையில்? மூக்கருகே பிடித்திருந்தானே. அவளைப் பார்த்தானே. தெரிந்தே தூரிகையை முக்கினானா? தெரிந்தேதான் அந்த எழுத்தை அதன் மேல் இறக்கினானா? துணியைத் தாண்டிச் சூடு கையில் ஏறியபோதுதான் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

ஏண்டா சொல்லல என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத் திட்ட வேண்டும். அழ வேண்டும் போலவும் இருந்தது. முன்னறைக்கு வந்தாள். அவன் மூச்சு உள்ளே போய் நின்றிருந்தது. யோசிக்கிறது என்று அவளும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்தவரை பிடித்தாள். கண் இருட்டும் வரைக்கும் பிடித்தாள். பிறகு அவள் மட்டும் மூச்சு விட்டாள்.

ஸ்பேனர் வந்தான். ஆக வேண்டியதையெல்லாம் அவனே பார்த்தான். மறுநாள் காலையில் நாற்காலிகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள். சுவரோரம் ஒதுக்கிய மேஜைமேல் விமானம் வலப்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. என்ன ஒரு வேலைப்பாடு, அச்சு அசலாக இருக்கிறது என்று வந்தவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு பாராட்டும் அக்காவின் முகத்தில் அறைந்தது. ஸ்பேனர் மட்டும் அதைக் கையில் எடுத்தான். திருப்பிப் பார்த்தான்.

"ஒரு வண்டியைக்கூட அவன் இப்படி விட்டதில்லையேக்கா" என்றான். குறையாகச் சொல்லவில்லை, புரியாமல்தான் சொன்னான்.

அவள் புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

மத்தியானம் மகள் வந்தாள். அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள். வெகுநேரம் கழித்து எழுந்தவள், கூட்டத்தில் இருக்க முடியாமல் விமானத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டாள். அக்கா அங்கே அடிப்பிடித்த பாத்திரத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் தேய்க்கவில்லை.

"அத்தை, இந்தப் பக்கம் ஏன் இப்படிக் கிழிஞ்சிருக்கு? அப்பாவால முடியலையா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"நான்தான் கெடுத்தேன்" என்றாள் அக்கா. "மருந்தை மாத்தி வச்சேன்."

"ஏன்?"

"நீ வர்ற வரைக்கும் முடியக் கூடாதுன்னு."

மகள் அவளையே பார்த்தாள். பிறகு விமானத்தைப் பார்த்தாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

அக்கா ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். மகள் விமானத்தைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, நாற்காலியை அத்தைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அக்கா எழுந்து கை கழுவினாள். புட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாக முகர்ந்தாள். இருமல் மருந்துப் புட்டியை வைத்து, நீலத்தை நீலத்துக்கும் சிவப்பைச் சிவப்புக்கும் மாற்றினாள். ஒட்டுநாடாவைக் கிழிந்த எழுத்தின் மேல் அழுத்திப் பிரித்தெடுத்தாள். டப்பாவிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, எண்ணை மட்டும் கத்தரித்துத் தண்ணீரில் போட்டாள். முன்னறையில் யாரோ, இந்த நேரத்தில் உள்ளே என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்கள். ஸ்பேனர் ஏதோ சொல்லி அடக்கினான்.

கீழே நீலம். எழுத்து வழுக்கி இறங்கியது. அவள் அதைக் கோட்டுக்கு நேராக நகர்த்தினாள். துணியால் ஒற்றினாள். மேலே சிவப்பு, ஒரே ஒரு பூச்சு.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு எண்ணின் நடுவில் ஒரு மடிப்பு எழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுப் படலமும் சுருண்டு பொங்கியது.

"ஐயோ அத்தை" என்று மகள் விரலை நீட்டினாள்.

அக்கா அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கை வைக்காத."

வாசல் பக்கமிருந்து ஸ்பேனர் வந்து எட்டிப் பார்த்தான். வண்டி வந்து நிற்கிறது, தூக்கலாமா என்று கேட்டான்.

"கொஞ்சம் இரு" என்றாள் அக்கா. தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து மகளும் அப்படியே வைத்துக்கொண்டாள். இருவரும் அந்தச் சுருக்கத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.