பிப்ரவரிக்காரர்கள்

ஆகஸ்ட் மாதத்து முதல் சனிக்கிழமை, பென்னிவெல் குடும்பம் மொத்தமும் நார்த் ஆஷ்பி சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில் கூடும். அன்றைக்கு அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வேறு எங்குமே ஆள் நடமாட்டம் இருக்காது என்று தாராளமாகச் சொல்லலாம். உருளைக்கிழங்கு சாலட் மட்டும் நாற்பத்தோரு கிண்ணம் வரும். நாற்பத்தொன்றும் ஒரே ருசி. ஆனாலும் நாற்பத்தோரு பெண்களும் அடுத்தவள் கிண்ணத்தைப் பார்த்து உதட்டைச் சுழிக்காமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

புல்வெளியில் இரண்டு பந்தி. மேல் பந்தி மேப்பிள் மர நிழலில், வெள்ளைத் துணி விரித்து, பூச்சாடியோடு இருக்கும். கீழ்ப் பந்தி கார்கள் நிறுத்துகிற இடத்தை ஒட்டி. அதற்குக் காகித விரிப்பு, அது பறக்காமலிருக்க நாலு மூலையிலும் நாலு கல். மேல் பந்தியில் ஜாரெட்டின் வாரிசுகள், கீழ்ப் பந்தியில் அசஹேலின் வாரிசுகள். இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். இங்கிலாந்தின் டெவனிலிருந்து கப்பலேறி வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய ஒபதியா பென்னிவெல்லின் மனைவி மெஹிட்டபெல் பெற்றவர்கள். இதில் அசஹேல்தான் மூத்தவன். மூத்தவன் வம்சம் எப்படிக் கார்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது என்றால், எல்லாம் புத்தகம் செய்த வேலை.

1891ஆம் வருஷம், ஜாரெட் வழியில் வந்த லூஷியஸ் பென்னிவெல் என்ற பாதிரியார் குடும்ப வரலாற்றை அறுநூறு பக்கத்தில் அச்சடித்தார். காலில் விழுந்தால் விரல் போய்விடும், அப்படிப்பட்ட கனம். அதன் பதினாலாம் பக்கத்தில் இரண்டு வரி. ஒபதியாவுக்கும் மெஹிட்டபெல்லுக்கும் கல்யாணம், 1728 ஏப்ரல் 18. மகன் அசஹேலுக்கு ஞானஸ்நானம், 1728 பிப்ரவரி 16. பாதிரியார் நல்ல மனுஷர், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அந்த இரண்டு வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் மட்டும் காலியாக விட்டிருந்தார். அது போதுமானதாக இருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே தொட்டில் ஆடியிருக்கிறது, அப்பன் யாரோ என்று ஊர் கூடிச் சிரித்தது. அன்றிலிருந்து அசஹேல் வம்சத்துக்குப் 'பிப்ரவரிக்காரர்கள்' என்று பெயர். அவர்களில் ஜூலையில் பிறந்தவனுக்கும் அதே பெயர்தான்.

பெயர் போனால் போகிறது, பானை அல்லவா போய்விட்டது! மெஹிட்டபெல்லின் மண்பானை இன்னமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதில் வெள்ளைப் பயறும் கரும்புப் பாகும் உப்புக்கண்டப் பன்றிக்கறியும் போட்டு, தணல் நிரப்பிய குழிக்குள் புதைத்துவிடுவார்கள். மறுநாள் நடுப்பகலில் தோண்டி எடுத்ததும், மூத்த வம்சத்தில் இருக்கிறவர்களில் வயதானவர் மூடியைத் திறந்து முதல் கரண்டி பரிமாறுவார். அசஹேல் கணக்கிலேயே இல்லாததால் மூத்த வம்சம் ஜாரெட் வம்சம் என்றாகிவிட்டது.

வின்னிஃப்ரெட் பென்னிவெல் பிப்ரவரிக்காரி. முப்பத்து நாலு வருஷம் தபால் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவள். ஆஷ்பி மலைச்சாலையில் எந்த வீட்டு நாய் எந்தக் காலைக் கடிக்கும் என்பதுவரை மனப்பாடம். அவளுக்கு இந்தப் பந்தி விவகாரமெல்லாம் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான். ஈஸ்டர் அன்று அவளுடைய சித்தப்பா ஆரின் அந்த வேடிக்கையைக் கெடுத்தார்.

ஆரினுக்குத் தொண்ணூற்று மூன்று வயது. கேக்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டே, "வின்னி, டாக்டர் என் நெஞ்சுல குழாயை வச்சுப் பாத்துட்டு, அடுத்த வருஷம் காலண்டர் வாங்க வேணாம்ங்கற மாதிரி பேசறான்" என்றார்.

"அவன் கிடக்கான். அவன் அப்பாவும் உங்களுக்கு இதையேதான் சொன்னாரு. அவரைப் புதைச்சு இருபது வருஷம் ஆச்சு."

"சிரிக்காதடி. எனக்கு ஒரே ஒரு ஆசை. அந்தப் பானை மூடியை ஒரு தடவை என் கையால திறக்கணும். தொண்ணூறு வருஷமா கார் புகையோட சேத்து அந்த வாசனையை மோந்திருக்கேன்."

வின்னி அவர் முகத்தைப் பார்த்தாள். கிழவர் விளையாடவில்லை.

மறுநாளே புத்தகத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எட்டுத் தடவை படித்தாள். எட்டுத் தடவையும் பிப்ரவரி ஏப்ரலுக்கு முன்னால்தான் வந்தது. கடைசியில் ஜூலை மாதம், ஊர் நூலகத்தில் பழைய சர்ச் பதிவேடுகளைக் காத்துவரும் மிஸ் ஹேஸனிடம் போய் நின்றாள். மிஸ் ஹேஸன் குச்சி மாதிரி இருப்பாள், ஆனால் அவள் காவலில் இருக்கும் ஏட்டின் பக்கத்தில் யாராவது தும்மினால் கதவுவரை தள்ளிக்கொண்டு போய்விடும் பலம் உண்டு.

"பென்னிவெல்லா? உங்க ஆளுங்க யாரும் இங்க வந்ததே இல்லையே!"

"எங்களுக்குத்தான் புத்தகம் இருக்கே."

"ஆமா, அதுதான் உங்க வியாதி. கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க."

பதிவேடு வந்தது. வின்னி அசஹேலின் பெயரை உடனே கண்டுபிடித்துவிட்டாள்: 1728 பிப்ரவரி 16. புத்தகத்தில் எழுத்துப் பிழையும் இல்லை. முகம் தொங்கிப்போயிற்று. ஆனால் முப்பத்து நாலு வருஷத் தபால் பழக்கம் சும்மா விடுமா? ஒரு வீட்டு விலாசத்தைப் பார்த்தால் முந்தைய வீட்டையும் அடுத்த வீட்டையும் பார்க்காமல் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. விரலை மேலே கொண்டுபோய், அங்கிருந்து கீழே ஓட்டினாள். நவம்பர் 1728. டிசம்பர் 1728. அதற்கு அடுத்த வரி, ஜனவரி 1728.

"மிஸ் ஹேஸன், இதை எழுதின பாதிரியார் குடிப்பாரா?"

"ஏன்?"

"டிசம்பர் முடிஞ்ச பெறகும் வருஷத்தை மாத்தாமலே எழுதிட்டுப் போறாரே. 1728 டிசம்பருக்கு அடுத்து 1728 ஜனவரியாம்."

மிஸ் ஹேஸன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நூலகமே அதிரும்படி சிரித்தாள். "அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரங்க ஆண்ட ஊருங்கள்ல வருஷம் பொறக்கறது மார்ச் இருபத்தஞ்சாம் தேதி. ஜனவரி, பிப்ரவரி எல்லாம் வருஷக் கடைசி மாசம். 1752லதான் இப்ப இருக்கற மாதிரி மாத்தினாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

"அப்ப அசஹேல்..."

"ஏப்ரல்ல கல்யாணம். பத்து மாசம் கழிச்சுப் பிப்ரவரியில பிள்ளை. இதைவிட யோக்கியமா எவனும் பொறக்க முடியாது."

லூஷியஸ் பாதிரியார் பென்னிவெல் பெயர் வந்த வரிகளை மட்டும் துண்டுச்சீட்டில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். முன்வரி பின்வரியைப் பார்த்திருந்தால் அசஹேல் வம்சம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கும்.

வின்னி வண்டியில் ஏறிப் பாதி தூரம் பாடிக்கொண்டே வந்தாள். ஆஷ்பி பாலத்தருகே பாட்டு நின்றது. வண்டியை ஓரங்கட்டி, எப்போதும் பின்சீட்டில் கிடக்கும் புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். இளையவன் ஜாரெட்டுக்கு ஞானஸ்நானம், 1729 மார்ச் 10. அதுவும் மார்ச் இருபத்தைந்துக்கு முன்னால்தானே! அப்படியானால் அது நிஜத்தில் 1730. புத்தகத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில், ஜாரெட் வம்சம் கண்ணீர் விட்டு வாசிக்கும் பகுதி ஒன்று உண்டு: மூன்று வாரக் கைக்குழந்தையை முத்தமிட்டுவிட்டு ஒபதியா 1729 ஏப்ரல் 2ஆம் தேதி மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறிய காட்சி. அவர் திரும்பி வந்தது அதே வருஷம் நவம்பர் 20. இந்த இரண்டு தேதியும் மார்ச் இருபத்தைந்துக்குப் பின்னால், அதனால் அந்த 1729 மாறாது.

வின்னி விரல் விட்டு எண்ணினாள். மார்ச்சிலிருந்து பின்னோக்கி ஒன்பது மாதம் என்றால் ஜூன். ஜூனில் ஒபதியா ஜமைக்காவில் சர்க்கரை மூட்டை ஏற்றிக்கொண்டிருக்கிறார். திரும்பவும் எண்ணினாள். அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் வண்டி தானாக நாலடி நகர்ந்து, பாலத்தின் கைப்பிடியில் முட்டி நின்றது.

நேரே ஆரினிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். "சித்தப்பா, மேல் பந்தியைக் குண்டுக்கட்டா தூக்கிட்டு வந்து கார்கிட்ட உக்கார வைக்கலாம். மார்ச்சுக்காரங்கன்னு பேர் வைக்கலாம்!"

ஆரின் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். டாக்டர் பார்த்திருந்தால் அவருக்குத்தான் நெஞ்சு நின்றிருக்கும். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "வேணாம்டி" என்றார்.

"ஏன்?"

"அந்த இடத்துல உக்காந்தவன் சொல்றேன். பத்து வயசுல ஒருத்தன் என்னைப் பாத்து, உங்க வம்சத்துப் பாட்டன் அப்பன் பேர் தெரியாதவன்னான். நான் வீட்டுக்கு வந்து எங்கப்பா மூஞ்சியவே உத்து உத்துப் பாத்தேன். அதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காத. எனக்கு மூடி போதும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், சர்ச் புல்வெளியில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வைக்குப் பிரெஸ்காட் பென்னிவெல் நின்றார். குடும்பச் சங்கத் தலைவர், மேல் பந்தியின் மூத்தவர், எழுபத்து நாலு வயது. குழி வெட்டுவதற்குக்கூட கழுத்துப் பட்டை கட்டிக்கொண்டு வருகிற மனுஷர். வின்னி அவரை மரத்தடிக்குத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், பதிவேட்டின் நகலைக் கையில் கொடுத்தாள்.

அவர் படித்தார். விஷயம் புரிய அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அந்த மட்டுக்கும் நேர்மையானவர். "அப்ப நூறு வருஷத்துக்கு மேல உங்களை அநியாயமா..."

"ஆமா. சரி, பத்தொன்பதாம் பக்கம் ஞாபகம் இருக்கா?"

"மனப்பாடம். கைக்குழந்தை ஜாரெட்டை..." பிரெஸ்காட் பாதியில் நிறுத்தினார். கை விரல்கள் தாமாக மடங்க ஆரம்பித்தன. ஏழாவது விரலில் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். ஒன்பதாவதில் மரத்தின் வேரில் உட்கார்ந்துவிட்டார்.

"வின்னி, இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் சித்தப்பாவுக்கும்."

"என்ன செய்யப் போறே?"

"உன்னை ஒண்ணு கேக்கறேன். 1730 ஜனவரியில பனி எவ்வளவு பெஞ்சிருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்!"

"எனக்கும் தெரியாது. மிஸ் ஹேஸனுக்கும் தெரியாது, எவனும் எழுதி வைக்கலை. ஒபதியா கப்பலேறினது ஏப்ரல் ரெண்டு. பெண்டாட்டிக்கு முத்தம் கொடுத்துட்டுத்தானே போயிருப்பார்? அப்படின்னா ஒன்பது மாசம் கழிச்சு, டிசம்பர் கடைசியில பிள்ளை பொறந்திருக்கும். சர்ச் ஆறு மைல். பாதை அடைஞ்சு போச்சு, மார்ச்லதான் தூக்கிட்டுப் போக முடிஞ்சுது."

பிரெஸ்காட்டின் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது. "நாலடி பனின்னு வச்சுக்கலாமா?"

"நாலடிக்கு எவனாவது பத்து வாரம் வீட்டுக்குள்ள கிடப்பானா? நான் நாலடியில தபால் போட்டிருக்கேன். எட்டடி போடு."

"ஆனா அசஹேலைப் பிப்ரவரி மாசமே தூக்கிட்டுப் போனாங்களே?"

"அந்த வருஷப் பனி சாது. இது முரட்டுப் பனி."

"நெஜமாவே அப்படி இருந்திருக்கலாம் இல்லையா, வின்னி?" அவர் குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது.

"இருந்திருக்கலாம். இல்லேன்னு சொல்ல யார் இருக்கா?"

மறுநாள் உச்சி வெயிலில் பிரெஸ்காட் நாற்காலி மேல் ஏறி நின்று பேசினார். பதினாலாம் பக்கம் தப்பு என்றார். நம் கண்ணும் நம் காலண்டரும் செய்த தப்பு, மெஹிட்டபெல்லுடையது அல்ல என்றார். அசஹேல்தான் மூத்தவன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று தொப்பியைக் கழற்றினார். கீழ்ப் பந்தியில் எழுந்த கூச்சலில் மூன்று கார்களின் கண்ணாடி விரிசல் விட்டது. யாராவது பத்தொன்பதாம் பக்கத்தைப் பற்றி யோசிப்பதற்குள் அவர் பனிக்கு வந்துவிட்டார். ஆரம்பத்தில் எட்டடி. கூட்டம் வாயைப் பிளந்ததும் பத்தடி. வீட்டுப் புகைபோக்கி வழியாக ஏணி வைத்து வெளியே வந்தார்கள். ஓநாய்கள் கூரை மேல் நடந்தன. மெஹிட்டபெல் பிறந்த பிள்ளையைப் பாவாடையில் சுற்றிப் பத்து வாரம் காத்தாள். மேல் பந்தியில் இரண்டு பேர் அழுதார்கள். வின்னியே ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள்.

பானையைத் தோண்டி எடுத்து மேப்பிள் நிழலில் வைத்தார்கள். ஆரின் வின்னியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். துணியைச் சுற்றிய கையால் மூடியைத் தூக்கினார். ஆவி எழுந்து அவரை மொத்தமாக மறைத்தது. ஆவி விலகியபோது கிழவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். கன்னம் நனைந்திருந்தது; ஆவியால் என்று எல்லோரும் மரியாதையாக எடுத்துக்கொண்டார்கள்.

வழக்கப்படி முதல் கரண்டி பரிமாறிவிட்டுக் கரண்டியைச் சங்கத் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். பிரெஸ்காட் கையை நீட்டினார். ஆரின் கொடுக்கவில்லை.

"தட்டை எடுத்துட்டு வரிசையில வாப்பா" என்றார்.

இரண்டு பந்தியும் ஒரே வரிசையாக நின்றது. அந்த வரிசையின் வால் மாசசூசெட்ஸ் எல்லையைத் தொட்டதாகச் சொல்கிறார்கள். முந்நூற்றுச் சொச்சம் பேருக்கும் கிழவரே பரிமாறினார். உட்காரச் சொன்னவர்களைக் கரண்டியைக் காட்டி விரட்டினார். ஒருவழியாகப் பிரெஸ்காட்டின் முறை வந்தது. காகிதத் தட்டை நீட்டிக்கொண்டு பவ்யமாக நின்றார்.

ஆரின் பானைக்குள் துழாவிக்கொண்டே கேட்டார்: "பனி எத்தனை அடி பெஞ்சுதுன்னு சொன்னே?"

"பன்னிரண்டு, சித்தப்பா."

"நல்ல கனமான பனிதான்" என்று, கரண்டியில் சிக்கிய பெரிய பன்றிக்கறித் துண்டை அவர் தட்டில் போட்டார் ஆரின்.