துணிக் கிளிப்பில் தொங்கிய தேதிகள்

அண்ணி அந்தக் கோழித் துண்டுகளைச் சாப்பிட்டது செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கும் ஏழேகாலுக்கும் இடையில். இது ஒன்றில்தான் யாருக்கும் சந்தேகமில்லை. மற்ற எல்லாவற்றையும் அன்றிரவு நோட்டில் வரிசை எண் போட்டு எழுதிப் பார்த்தேன். ஏழாவது எண்ணுக்கு வந்தபோது மூன்றாவது எண் தப்பு என்று தோன்றியது. அடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எழுதினேன்.

அண்ணிக்கு அப்போது நான்காவது மாதம். போன வருடம் ஒன்று மூன்றாம் மாதத்திலேயே தங்காமல் போய்விட்டது. அதனால் இந்த முறை அவர் என்ன சாப்பிடுகிறார் என்பதை வீட்டில் எல்லோருமே கவனித்துக்கொண்டிருந்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே கவனித்தேன். காரணம், நான் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தேன். உணவுப் பாதுகாப்பு, ஆறு மாதச் சான்றிதழ், வாரத்தில் நான்கு நாள்.

பகலில் எனக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் பாக்கெட் கட்டும் பிரிவில் வேலை. தேதி அச்சடிக்கும் இயந்திரத்தின் சக்கரங்களைத் தினமும் காலையில் திருப்பி வைப்பது நான்தான். "ஏன் சார் ஆறு மாசம்?" என்று சூப்பர்வைசரிடம் ஒருநாள் கேட்டேன். "நேத்தும் ஆறு மாசம்தானே போட்டோம்?" என்றார். அந்தப் பதில் பிடிக்காமல்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

இரண்டாவது வாரம் ஆசிரியை இரண்டு வகைத் தேதிகளைப் பற்றிச் சொன்னார். ஒன்று, இந்த நாளுக்குள் சாப்பிட்டால் சுவை நன்றாக இருக்கும் என்று சொல்லும் தேதி. மாவு, பிஸ்கட், டப்பா உணவுக்கெல்லாம் அது. கடந்துபோனாலும் பார்த்து, முகர்ந்து முடிவு செய்யலாம். இன்னொன்று, இந்த நாளுக்குப் பிறகு சாப்பிடவே கூடாது என்று சொல்லும் தேதி. குளிர்பெட்டியில் வைக்கிற இறைச்சி, மீன் போன்றவற்றுக்கு. அதை முகர்ந்து பார்த்துப் பயனில்லை. கெடுதல் செய்கிற கிருமிக்கு வாசனை இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கர்ப்பிணிகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை என்றார். முதல் வகையை நீல மையிலும் இரண்டாவதைச் சிவப்பு மையிலும் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் சிக்கல் அம்மாவிடம் இருந்தது. கடையிலிருந்து எந்தப் பொருள் வந்தாலும் கையோடு பாக்கெட்டைக் கிழித்து டப்பாவில் கொட்டிவிடுவார். உறை குப்பைக்குப் போய்விடும். "கடைக்காரன் கவர்லயே வச்சிருந்தா அது கடைச் சாமான். டப்பால போட்டாத்தான் நம்ம வீட்டுச் சாமான்" என்பார்.

அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். உறையில் இருக்கும் தேதியைச் சிறு அட்டையில் எழுதினேன், சிவப்பு அல்லது நீல மையில். அட்டையைத் துணி காயப்போடும் கிளிப்பில் ஒட்டி, கிளிப்பை டப்பாவின் விளிம்பில் மாட்டினேன். மொத்தம் இருபத்து மூன்று கிளிப்புகள். அட்டையில் பொருளின் பெயரை எழுதவில்லை. எந்த டப்பாவில் தொங்குகிறதோ அதன் தேதி என்று யாருக்கும் தெரியாதா என்ன? அப்படித்தான் அன்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் நோட்டிலும் ஏற்றினேன்.

அண்ணன் கிளிப்புகளைப் பார்த்துவிட்டு, "ஏய் இன்ஸ்பெக்டர், எனக்கும் ஒண்ணு மாட்டிவிடு. எப்ப கெட்டுப்போவேன்னு உங்க அண்ணி தெரிஞ்சுக்கட்டும்" என்றான்.

"உங்களுக்கு மாட்டறதா இருந்தா கல்யாணத்துக்கு முன்னாடியே மாட்டியிருக்கணும்" என்றார் அண்ணி.

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து ஏழேகாலுக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். அண்ணி சமையலறை மேடையில் சாய்ந்து நின்று, கடையில் வேகவைத்தே பாக்கெட்டில் விற்கும் கோழித் துண்டுகளை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் டப்பா. விளிம்பில் கிளிப். சிவப்பு மை. ஐந்து நாளுக்கு முந்தைய தேதி.

"அண்ணி, அதக் கீழ வைங்க."

"ஏன், உனக்கும் வேணுமா?"

"வைங்க அண்ணி. தேதி போயிடுச்சு."

அண்ணி கிளிப்பைப் பார்த்தார். வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கன்னம் உப்பியபடியே நின்றார். பிறகு தொட்டியில் துப்பினார். "வாசன நல்லாத்தானே இருந்துச்சு" என்றார்.

"எத்தன துண்டு சாப்பிட்டீங்க?"

"எண்ணிச் சாப்பிடற பழக்கம் எனக்கில்ல. அதுக்குத்தான் நீ இருக்கியே."

குரலில் கேலி இருந்தாலும் கை வயிற்றின் மேல் போயிருந்தது. டப்பாவை எடுத்து ஒதுக்கி வைக்கத் திரும்பியபோதுதான் அலமாரியைப் பார்த்தேன். மாவு டப்பாவில் சிவப்பு மை அட்டை. மாவுக்கு நான் சிவப்பு எழுதவே மாட்டேன். ஓட்ஸ் டப்பாவில் முட்டையின் தேதி. கைப்பிடி உடைந்த ஜாடியில், அடுத்த வருடம் வரைக்கும் நன்றாக இருக்கும் என்று சொல்லும் ஒரு தேதி. அதற்குள் இருந்தது நேற்று வாங்கிய ரொட்டி.

"அம்மா!"

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இந்தக் கிளிப்ப எல்லாம் யார் எடுத்தா?"

"நான்தான். நேத்துப் பூரா மழை. துணிய உள்ள கயிறு கட்டிப் போட்டேன். கிளிப்பு பத்தல. இன்னிக்குக் காஞ்சதும் திரும்ப மாட்டிட்டேன். ஒண்ணுகூடத் தொலைக்கல, வேணும்னா எண்ணிப் பாரு."

"எது எந்த டப்பால இருந்துச்சுன்னு பாத்து மாட்டுனியா?"

"எல்லாம் ஒரே மாதிரிக் கிளிப்புதானேடி? ஒரு டப்பா விடாம மாட்டியிருக்கேன். கோழி டப்பாவுக்கு இல்லாம இருந்துச்சு. நீ கத்துவியேன்னு ஃப்ரிட்ஜ் கைப்பிடியில சும்மா தொங்கின ஒண்ண எடுத்து அதுக்கும் மாட்டுனேன்."

ஒரு நாள் முழுக்க அண்ணனின் வேலைச் சட்டையும் அம்மாவின் போர்வையும் முட்டையின் தேதியிலும் பாலின் தேதியிலும் தொங்கியிருக்கின்றன. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே அதற்காக வெட்கப்பட்டேன்.

ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் தொங்கியது போன வாரம் தீர்ந்துபோன சீஸின் தேதி. கழற்றி எறிய நான் மறந்துவிட்டிருந்தேன். அப்படியானால் அது கோழியின் தேதி இல்லை.

"அண்ணி, அது கோழியோடது இல்ல. சீஸோடது."

"அப்ப கோழி நல்லதா?"

"தெரியல."

"இவ்வளவு படிச்சது 'தெரியல'ன்னு சொல்லவா?"

நோட்டை வைத்துக்கொண்டு மற்ற கிளிப்புகளைப் பத்து நிமிடத்தில் சரியாக்கிவிடலாம். ஆனால் கோழி நோட்டில் இல்லை. அது திங்கட்கிழமை மாலை, நான் வகுப்பில் இருந்தபோது வந்தது. வந்த உடனே அம்மா டப்பாவில் போட்டுவிட்டார். உறை காலையில் குப்பை வண்டியோடு போய்விட்டது. வாங்கி வந்தவன் அண்ணன். பஸ் பணிமனையில் மாலை ஷிப்டில் இருந்தவனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"ஆமா, நேத்து வாங்குனேன். நல்ல சரக்கு. மஞ்சள் ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தான்."

தேதி நெருங்கிய பொருளை விலை குறைத்து விற்கத்தான் அந்தக் கடையில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.

"தேதி என்ன போட்டிருந்துச்சு?"

"விலையப் பாத்தேன். தேதிய யாரு பாத்தா? அதுக்குத்தான் வீட்டுல நீ... ஏன், என்னாச்சு? அவ எங்க? போன அவகிட்ட குடு."

அண்ணி தொலைபேசியை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கேலி எதுவும் மீதமில்லை. "போன தடவையும் இப்படித்தான்" என்றார். "ஆளுக்கொரு காரணம் சொன்னாங்க. மாடிப்படி, காப்பி, தூக்கம். கடைசி வரைக்கும் எதனாலன்னு எனக்குத் தெரியவே இல்ல. இப்ப கோழியும் அப்படி ஆகிடக் கூடாது."

நான் கடைக்கு ஓடினேன். மூன்று தெரு தாண்ட வேண்டும். குளிர்பெட்டிப் பகுதியில் கோழி பாக்கெட் ஒன்றுகூட இல்லை. அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன், மஞ்சள் ஸ்டிக்கரைக் கடைசி நாள் ஒட்டுவார்களா, அதற்கு முந்தைய நாளே ஒட்டுவார்களா?

"கடைசி நாள்தான்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் டியூட்டில இருந்தா கடைசி நாள். இங்க வேலை பாக்கற இன்னொரு அண்ணன் இருந்தா முந்தின நாளே ஒட்டிடுவார், அவருக்கு அவசரம்."

"நேத்து யாரு?"

"நேத்து ரெண்டு பேருமே இருந்தோம்."

அவளுக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. கணக்கு இவ்வளவுதான்: அந்தப் பெண் ஒட்டியிருந்தால், அண்ணி தேதி முடிந்து ஒரு நாள் ஆன கோழியைச் சாப்பிட்டிருக்கிறார். கடையின் அந்த இன்னொரு ஆள் ஒட்டியிருந்தால் கடைசி நாளில், தேதிக்குள்ளேயே சாப்பிட்டிருக்கிறார். ஒரே கோழி. திரும்பி நடக்கும்போது இதை மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று முறையும் இரண்டு விடை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி போகிற மருத்துவமனையின் எண்ணுக்குப் பேசினோம். நர்ஸ் பொறுமையாகக் கேட்டார். காய்ச்சல், உடம்பு வலி, வயிற்றுப்போக்கு எதுவும் இருக்கிறதா என்றார். இல்லை என்றோம்.

"சரி. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா காய்ச்சல் வந்தா, லேசா இருந்தாலும், உடனே வந்துடுங்க. என்ன சாப்பிட்டீங்கன்னு டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும். நாளைக்கு ஒருதடவை வந்து காட்டிட்டும் போங்க."

நான் குறுக்கே கேட்டேன். "சிஸ்டர், எந்தத் தேதி வரைக்கும் பாக்கணும்?"

"சில நாள்லயும் தெரியலாம், சில வாரமும் ஆகலாம். ரெண்டு மாசம் தாண்டிக்கூட வர்றதுண்டு. இதுக்கு இன்ன தேதின்னு எப்படிம்மா சொல்றது?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

மறுநாள் மருத்துவரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார். அன்றிலிருந்து தினமும் மாலை வகுப்பு முடிந்து வந்ததும் அண்ணிக்குக் காய்ச்சல் பார்க்கிறேன். நோட்டில் புதிய பக்கம். முப்பத்தாறு புள்ளி எட்டு, முப்பத்தாறு புள்ளி ஏழு, மறுபடி எட்டு. வாயில் கருவி இருக்கும் அந்த ஒரு நிமிடம்தான் அண்ணி என்னை எதுவும் சொல்லாத நிமிடம். முப்பத்தேழு என்று காட்டிய ஒரு நாள், அவர் சூடாக ஏதோ குடித்திருந்தார். அதைக் கண்டுபிடிப்பதற்குள் நான் செருப்பை மாட்டி வாசலில் நின்றுவிட்டேன்.

அம்மா இப்போது எந்தப் பாக்கெட்டையும் கிழிப்பதில்லை. "நீயே வந்து பாத்துக்கோ, எனக்கு எதுக்கு வம்பு" என்று எல்லாவற்றையும் சாப்பாட்டு மேசையில் அடுக்கி வைத்துவிடுகிறார். டப்பாக்கள் காலியாக இருக்கின்றன. கிளிப்புகள் கயிற்றுக்கே திரும்பிவிட்டன. எனக்கு இது வெற்றியா தோல்வியா என்று புரியவில்லை. தொழிற்சாலையில் காலையில் சக்கரத்தைத் திருப்பும்போது மட்டும், இதைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்க்கப்போகிற ஆள் யார் என்று யோசிக்கிறேன்.

இன்று முப்பத்து மூன்றாவது நாள். முப்பத்தாறு புள்ளி எட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணி சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றில் வைத்தார். பேனா கீழே விழுந்தது.

"இப்ப... இதோ! தெரிஞ்சுதா?"

அசையாமல் இருந்தேன். உள்ளங்கையில் ஏதோ ஒரு சிறு தட்டு. அது உள்ளேயிருந்து வந்ததா, என் விரலில் துடிக்கும் என் நாடியேவா என்று தெரியவில்லை.

"தெரியல அண்ணி."

"தெரியலன்னு எழுதாதே. எனக்குத் தெரிஞ்சுது. அத எழுது."

நோட்டில் அதற்கென்று பத்தி எதுவும் இல்லை. காய்ச்சல் அளவுக்குப் பக்கத்தில், கோட்டுக்கு வெளியே எழுதினேன்: அண்ணிக்குத் தெரிந்தது, ஏழு மணி இருபத்தைந்து நிமிடம்.