தூங்க வைத்த பிரசங்கம்

கண்ணாடிக்கடைக்காரர் முதன்முதலாகப் பிரசங்க பீடத்தில் ஏறிய ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்தில் இருந்த அத்தனை பேரும் மதியம் மூன்று மணி வரை தூங்கினார்கள். ஆர்கன் வாசிப்பவர் கட்டைகளின் மேலேயே முகத்தைச் சாய்த்துவிட்டதால் ஒரே சுரம் கடைசிவரை ஒலித்துக்கொண்டிருந்தது. ஜேப்படிக்காரன் ஒருவன் மூப்பரின் சட்டைப்பையில் கைவிட்டபடியே உறங்கிப்போய், எழுந்ததும் அசட்டுச் சிரிப்போடு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனான். குறட்டையில் போதகரின் மனைவியை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

சபை நிர்வாகக் குழு கூடிப் பேசி, காற்றோட்டம் போதவில்லை என்று முடிவுசெய்து ஜன்னல்களை அகலமாக்கியது. அடுத்த முறை வாசலில் எல்லோருக்கும் கடுங்காப்பி கொடுத்தார்கள். கையில் டம்ளரோடு தூங்கினார்கள். கடையில் அவர் மணிக்கணக்காகப் பேசினாலும் யாருக்கும் கொட்டாவிகூட வராது; வேதத்தைத் திறந்து விளக்கம் சொல்ல ஆரம்பித்தால்தான் வினை. பிரசங்க வரம் வேண்டுமென்று இளம் வயதிலிருந்து முழங்கால் தேய ஜெபித்தவர் அவர். போதகர் நல்ல மனிதர், பூசி மெழுகித்தான் சொன்னார்: இனி காணிக்கைத் தட்டைப் பிடித்தால் போதும் என்று. கண்ணாடிக்கடைக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. வீட்டுக்கு வந்து வேதாகமத்தைத் துணியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சில வருஷங்கள் அப்படியே ஓடின.

பிறகு அவருடைய மைத்துனன், லாரி ஓட்டுகிறவன், வண்டியோடு கவிழ்ந்து இரண்டு காலும் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தான். வலியில் பொட்டுத் தூக்கம் இல்லை. எந்த மாத்திரையும் அவனிடம் செல்லுபடியாகவில்லை. தூங்காவிட்டால் உடம்பு தேறாது என்று டாக்டர் கையை விரித்ததும், கண்ணாடிக்கடைக்காரரின் மனைவி பீரோச் சாவியோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"என் தம்பிகிட்ட வந்து பிரசங்கம் பண்ணுங்க."

"தூங்கிடுவானே!"

"அதுக்குத்தாங்க கூப்பிடுறேன்."

"என் பிரசங்கம் என்ன தூக்க மாத்திரையா?" என்று அவர் குதித்தார்.

"எஜமான் குடுத்த தாலந்துப் பணத்தை மண்ணுல பொதச்ச வேலைக்காரனைப் பத்தி வீட்டுலதானே பேசிப் பழகுனீங்க? அடுப்படியில இருந்து கேட்டேன்."

"முழுசாவா கேட்ட?"

"எங்க? ரெண்டாவது வேலைக்காரன் வர்றதுக்குள்ள தூங்கிட்டேன். சோறு தீஞ்சுபோச்சு."

அவர் வேண்டாவெறுப்பாகத்தான் போனார். மாலையில் பார்வையாளர் நேரம். தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்த மைத்துனனைப் பார்த்ததும் அவர் வேதாகமத்தைத் திறந்தார். மனைவி காதில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். முன்னுரை முடிவதற்குள் மைத்துனன் வாய் பிளந்து உறங்கினான். பக்கத்துக் கட்டில்களும், மருந்து வண்டி தள்ளிய நர்ஸும், ஜன்னலில் இருந்த பூனையும் உறங்கின. கொஞ்ச நேரம் குறட்டைகளுக்குப் பிரசங்கித்தவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்க நாதியில்லாமல் எதற்குத் தொண்டை கிழியப் பேச வேண்டும்? புத்தகத்தைப் பட்டென்று மூடினார். அந்தக் கணமே மைத்துனன் முனகிக்கொண்டு கண்விழித்தான். கட்டிலுக்குக் கட்டில் முனகல் எழுந்தது. அரைகுறைப் பிரசங்கத்துக்கு அரைகுறைத் தூக்கம்தான் என்று அவருக்குப் புரிந்தது. ஒருத்தரும் கேட்காத பிரசங்கத்தை ஆமென் வரைக்கும் ஒப்பேற்றாமல் சொல்லி முடிப்பதுதான் தமக்குக் கிடைத்த வரம் என்றும் புரிந்தது. அதை நினைத்துக் கொஞ்சம் அழுதார், மூக்கைச் சிந்தினார், விட்ட வசனத்திலிருந்து தொடர்ந்தார். ஆமென் சொன்ன பிறகும் வார்டு விடியும்வரை உறங்கியது.

மைத்துனன் தேறி, கல்யாணம் கட்டி, மறுபடியும் லாரி ஓட்டப் போனான். கண்ணாடிக்கடைக்காரர் ஆஸ்பத்திரியை விடவில்லை. மாலையானால் கடையைச் சாத்திவிட்டு வருவார், வார்டு வார்டாகப் போவார். அவர் தலை தெரிந்தால் நர்ஸுகள் பஞ்சைத் தேடுவார்கள். மருந்து அறையில் அவருக்கென்று ஒரு நாற்காலி மருந்துகளோடு மருந்தாக வைக்கப்பட்டது. கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் தடித்தடியான விளக்கவுரைகளைப் புரட்டிக் குறிப்பெடுத்தார். ஒருநாள் சொன்னதை மறுநாள் சொல்லவே மாட்டார்.

குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு அங்கே படுத்திருந்த போதகர் ஒரு மாலை இதைக் கேட்டேவிட்டார். "எல்லாரும் தூங்கத்தான் போறாங்க. பழசையே திருப்பிச் சொன்னா யாருக்குத் தெரியப்போகுது? ஏன் இப்படி மாஞ்சு மாஞ்சு தயார் பண்றீங்க?"

கண்ணாடிக்கடைக்காரர் குறிப்புத்தாளைச் சரிசெய்துகொண்டே, "தூங்காதவர் ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்காரே ஐயா," என்றார்.

போதகர் கண்ணாடியைக் கழற்றி வைத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "சரி, ஆரம்பிங்க," என்றார்.