விரல் தாளம்

சனிக்கிழமை மதியம் தையல் கடையின் மாடியில் நாலு பேர் கூடுவார்கள். அந்த வாரம் தான் கேட்டுக்கொண்டிருக்கும் ஆல்பத்தை, முறைக்கு ஒருவராகக் கொண்டுவர வேண்டும். உறைமேல் செய்தித்தாள் சுற்றியிருக்க வேண்டும். பாடியது யார், வாசித்தது யார் என்று மூச்சு விடக் கூடாது. இசைத்தட்டு ஓடி முடிந்ததும் ஆளுக்கொரு அபிப்பிராயம். கடைசியில் தராசு பேசுவார். அவர் பேசிவிட்டால் மற்ற மூவரின் அபிப்பிராயமும் செல்லாக்காசு.

தராசு என்பது பட்டப்பெயர். ஆள் முப்பத்திரண்டு வருஷம் லேத் பட்டறையில் இரும்பு கடைந்தவர். அவர் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்துவிட்டார்; லேத்து மட்டும் ஓய்வு பெறாமல் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கிட்டத்தில் வந்து உரக்கப் பேசினால் உதட்டையும் பார்த்து ஒப்பேற்றிவிடுவார். பாட்டு என்றால் அந்த இரைச்சலோடு இரைச்சல், அவ்வளவுதான். இரண்டு வருஷமாக ஒரு பாட்டும் அவர் காதில் விழுந்ததில்லை. அதை வெளியே சொல்ல மனுஷனுக்கு மனசு வரவில்லை. வீட்டில் அவர் பேச்சை மதிக்க ஒரு ஜீவன் கிடையாது. இந்த மாடியில்தான் அவர் வாயைத் திறந்தால் மூன்று பேர் வாயை மூடினார்கள். அதுவும் போய்விட்டால் தான் எதற்கு இருக்க வேண்டும் என்று பயந்தார்.

விஷயம் தெரிந்தவர் ஒருவர்தான்: தங்கை புருஷன், கீழே கடை வைத்திருக்கும் தையல்காரர். வெள்ளிக்கிழமையே என்ன ஆல்பம் வருகிறது என்று மோப்பம் பிடித்துத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பார். தட்டு ஓடும்போது எதிரே உட்கார்ந்து முழங்காலில் ஒரு விரலால் தாளம் போடுவார். தராசு அந்த விரலைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்.

இவ்வளவு செய்த மனிதருக்குத் தராசு என்ன கைம்மாறு செய்தார் தெரியுமா? போன மாதம் தையல்காரரின் முறை. யாரோ ஒரு பெண்ணின் முதல் ஆல்பம். மிஷினை மிதித்துக்கொண்டே நாற்பது நாள் கேட்டு உருகியவர், அதைக் கொண்டுவந்து போட்டார். விரல் தாளம் போட்டது; கண் கலங்கியது. மற்ற இருவரான மருந்துக்கடைக்காரருக்கும் கணக்கு வாத்தியாருக்கும்கூடப் பிடித்துத்தான் இருந்தது. தராசுக்கோ வேறு கவலை. சொந்தக்காரன் கொண்டுவந்ததைப் புகழ்ந்தால் தராசு சாய்ந்துவிட்டது என்பார்களே!

“இது பாட்டில்ல, மூக்குச் சிந்துறது,” என்றார். “பட்டன் தச்சுக்கிட்டே கேக்கறவனுக்கு இதுவே அதிகம்.”

மற்ற இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தையல்காரர் தட்டை உறையில் போட்டுக்கொண்டு கீழே போய்விட்டார். தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று ஒரு வார்த்தை தராசு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்காத பாட்டைக் கிழித்துத் தொங்கவிட்டோமே என்ற கூச்சம்கூட அந்த மனுஷனுக்கு வரவில்லை.

இந்த வாரச் சீட்டில், ‘புல்லாங்குழல். மெதுவாத் தொடங்கும், பாதியில வேகம்’ என்று இருந்தது. வாத்தியார் தட்டைப் போட்டார். ஊசி இறங்கியது. தையல்காரரின் விரல் அசைந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார். தராசும் ஆட்டினார். விரல் வேகம் பிடித்ததும் ஒரு ‘ஆஹா’வும் போட்டுவைத்தார்.

தட்டு நின்றது. அன்று யாரும் முந்திக்கொள்ளவில்லை. முதலில் நீங்களே சொல்லுங்கள் என்று கையைக் காட்டினார்கள். தராசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. குழல்காரன் எங்கே மூச்சு வாங்குகிறான் என்றே தெரியவில்லை என்றார். வேகம் பிடித்த இடத்தில் புல்லரித்துவிட்டது என்று சட்டைக் கையை மடித்துக் காட்டினார். பத்து நிமிஷம் பேசினார். இவ்வளவு அழகாக அவர் அதுவரை பேசியதே இல்லை.

மருந்துக்கடைக்காரர் மேஜைக்கு அடியில் குனிந்து ஸ்பீக்கர் வயரை எடுத்துத் தூக்கிக் காட்டினார். அதன் முனை எதிலும் செருகியிருக்கவில்லை.

வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தராசு தையல்காரரைப் பார்த்தார். அவர் எழுந்து வந்து காதருகே குனிந்தார்.

“என் பாட்டையாவது கேட்டீங்களா மச்சான்?”

“கேக்கல மாப்பிள்ள,” என்றார் தராசு. இரண்டு வருஷத்தில் அந்த மாடியில் அவர் சொன்ன முதல் உண்மை அது. அதற்காகவாவது மனம் இரங்குவார் என்று எதிர்பார்த்தார்.

தையல்காரர் வயரைச் செருகினார். அந்தப் பெண்ணின் தட்டை எடுத்துப் போட்டுவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார். விரல் முழங்காலில் அசையாமல் கிடந்தது. வாத்தியாரின் சிரிப்பு அடங்கியது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். தராசுக்கு லேத்து ஓடிக்கொண்டிருந்தது.

“என்ன பாடுது அந்தப் பொண்ணு? எனக்கும் சொல்லு மாப்பிள்ள,” என்றார். தன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்று பேரும் திரும்பி அவரை முறைத்தார்கள். தையல்காரர் அந்த விரலை எடுத்துத் தன் உதட்டின்மேல் வைத்தார்.