நாலாவது ஆளும் நீளத் திருப்புளியும்

குடிநீர் வாரியத்தின் மீட்டர் பழுதுபார்க்கும் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். அந்த ஜன்னலுக்காக நடந்த சண்டைகளை யாராவது எழுதி வைத்திருந்தால், சரித்திரப் பாடத்தை முடிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூடுதலாக இரண்டு வருடம் படிக்க வேண்டி வந்திருக்கும். திறக்க வேண்டும் என்ற கட்சியில் ஒரே ஓர் ஆள். அவருக்குக் காத்தாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். மூட வேண்டும் என்ற கட்சியிலும் ஒரே ஓர் ஆள். தார் உருகும் கோடையிலும் காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருப்பார் என்பதால் அவர் மப்ளர். மற்றவர்கள் நடுநிலை வகித்து, தேநீர் குடித்து, உயிர் பிழைத்தார்கள்.

அதெல்லாம் பழைய கதை. ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் கழித்து, இப்போது காத்தாடி ஒரு சைக்கிள் கடை மாடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அனுப்பி வைத்தது மனைவி. டி.வி.யில் வானிலை வாசித்த பெண்ணிடம், "நேத்து காத்து வீசும்னு சொன்னியே, எங்கம்மா அது?" என்று திரையைத் தட்டி அவர் விசாரணை நடத்திய அன்று முடிவான விஷயம்.

"ஏங்க, அந்தப் பொண்ணு காதுல விழுந்திருந்தா வேலையை விட்டுட்டே ஓடியிருக்கும்" என்றாள் மனைவி. "சைக்கிள் கடை மாடியில ஒரு பிக்குணியம்மா தியானம் சொல்லித் தர்றாங்களாம். போயிட்டு வாங்க. உங்களுக்கு அமைதி கிடைக்குதோ இல்லையோ, அந்த நேரத்துக்கு வீட்டுக்குக் கிடைக்கும்."

பிக்குணியம்மா மொட்டைத் தலையும் செங்காவி அங்கியுமாக இருந்தார். காத்தாடிக்கு மகள் வயதுதான். ஆனால் கண்டிப்பில், காத்தாடி வாழ்நாளில் பார்த்த மேலதிகாரிகளை எல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி எதிரே வைத்தாலும் ஈடாகாது.

"முதல்ல உங்களுக்கே நல்லது நினைங்க" என்றார் அவர். "அடுத்து, ரொம்பப் பிரியமான ஒருத்தருக்கு. மூணாவது, பிடிக்கும்னும் சொல்ல முடியாது பிடிக்காதுன்னும் சொல்ல முடியாது, அந்த மாதிரி ஒருத்தருக்கு. நாலாவதா, நினைச்சாலே பல்லைக் கடிக்க வைக்கிற ஒருத்தருக்கு. நலமா இரு, பயமில்லாம இரு, நிம்மதியா இரு. அவ்வளவுதான். புத்தர் வழியில இதை மைத்திரின்னு சொல்லுவோம்."

தனக்கே நல்லது நினைக்கிற பகுதி காத்தாடிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதிலேயே பல வாரம் குடியிருந்திருப்பார். "ஐயா, அடுத்த ஆளுக்குப் போங்க, நீங்க போதுமான அளவு நலமாயிட்டீங்க" என்று பிக்குணியம்மாதான் கிளப்பி விட்டார். இரண்டாவது ஆள் மனைவி. அதில் சிக்கல் இல்லை. மூன்றாவதாக, தபால் நிலையத்தில் தபால்தலை விற்கிறவரைப் பிடித்தார். கொஞ்ச நாளில் தபால் நிலையத்திலோ வழியிலோ எங்கே கண்டாலும் அவரைப் பார்த்துச் சம்பந்தி மாதிரி சிரிக்கத் தொடங்கினார். அந்த மனிதர் மிரண்டுபோய்த் தபால்தலையைத் தலைகீழாகக் கிழித்துக் கொடுத்தார்.

நாலாவது ஆளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கண்ணை மூடியதுமே மப்ளர் வந்து நின்றார்.

"நலமா இரு" என்றார் காத்தாடி மனதுக்குள். கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவருக்குக் கேட்கிற அளவுக்குப் பல் நறநறத்தது.

வாரங்கள் போகப் போக ஒரு வேடிக்கை நடந்தது. மப்ளர் தனியாக வரவில்லை, அந்த அறையையே கூட்டிக்கொண்டு வந்தார். நீள மேஜை வந்தது. அதன்மேல் வயிற்றைத் திறந்து போட்ட மீட்டர்கள், சோப்புத் தண்ணீர்த் தட்டில் ஊறும் பால்பற்கள் போன்ற குட்டிப் பல்சக்கரங்கள், கழுவிக் கழுவியும் விரலை விட்டுப் போகாத பித்தளை வாசனை. பழுது பார்த்த மீட்டரைக் குழாயில் மாட்டித் தண்ணீர் விட்டதும், மப்ளர் மரப்பிடி போட்ட நீளத் திருப்புளியின் நுனியை மீட்டர் மேல் ஊன்றுவார். காதைச் சுற்றிய மப்ளரை விலக்கி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். அறையே மூச்சைப் பிடித்து நிற்கும். உள்ளே சக்கரம் உரசினால் "திற" என்பார். சுத்தமாகச் சுற்றினால் கட்டைவிரலைத் தூக்கி "ஓடும்" என்பார். அவர் ஓடும் என்ற மீட்டர் உலகம் அழிந்தாலும் ஓடும். கடைசி மனிதன் குடித்த கடைசிச் சொட்டையும் கணக்கில் ஏற்றிவிட்டுத்தான் நிற்கும்.

அந்த ஒரு சொல்லைக் கேட்க ஆசையாக இருந்தது காத்தாடிக்கு. ஆனால் அங்கே வந்ததும் ஆணி குத்திவிடும். நிஜமான ஆணி. வேலையின் கடைசி வருடத்தில் ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால், ஜன்னல் சட்டத்தில் மப்ளர் ஆணி அடித்து வைத்திருந்தார். இனி ஜன்மத்துக்கும் திறக்க முடியாது. காத்தாடியும் சும்மா விடவில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று மேற்பார்வையாளர், "ஞாபகமா இங்கேருந்து எதையாவது எடுத்துக்கோங்க" என்றார். அறையில் எத்தனையோ இருந்தன. காத்தாடி நேரே போய் அந்த நீளத் திருப்புளியை எடுத்துக்கொண்டார். மப்ளர் பார்த்தார், வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை ஒரு வெற்றிக் கோப்பை போல வீட்டுக்குக் கொண்டுவந்து, திருப்புளியைக் கண்ணாடி அலமாரியில் வைத்தார். வாணலியின் கைப்பிடி ஆடினாலும் அதைத் தொட மனைவிக்கு அனுமதி இல்லை.

"ஆணியிலேயே நிக்கிறேம்மா" என்று பிக்குணியம்மாவிடம் சொன்னார். "ஆளைத் தேடுது மனசு. நல்லது நினைக்க மட்டும் மாட்டேங்குது. இப்படியே போனா, பார்க்காமலே ரெண்டு பேர்ல ஒருத்தன் போய்ச் சேர்ந்துடுவோம்."

"நினைச்சு வராதது கொடுத்தா வரும். ஏதாவது கொண்டுபோய்க் கொடுங்க."

"ரொட்டி வாங்கிட்டுப் போறேன்."

"கொடுக்கும்போது கை பின்னால இழுக்குமா?"

"ரொட்டிக்கு எதுக்கும்மா இழுக்கும்?"

"அப்போ அது சாப்பாடு. தானம் வேற" என்றார் பிக்குணியம்மா.

காத்தாடிக்குப் புரிந்துவிட்டது. புரிந்திருக்க வேண்டாமே என்று வழியெல்லாம் வருத்தப்பட்டார். மறுநாள் பையின் அடியில் திருப்புளியை வைத்தார். அதற்கு மேல் ஒரு முழு ரொட்டி. ரொட்டியிலேயே காரியம் முடிந்துவிட்டால் திருப்புளி வந்த வழியே அலமாரிக்குத் திரும்பிவிடலாம் என்பது திட்டம்.

விசாரித்து மப்ளரின் வீட்டைக் கண்டுபிடித்து வாசலில் நின்றவருக்குத் தலை சுற்றியது. அந்த வீட்டில் ஒரு ஜன்னல்கூட மூடியிருக்கவில்லை. திரைச்சீலைகள் எல்லாம் பாய்மரம் போலப் புடைத்திருந்தன. விட்டால் வீடே தெருமுனை வரைக்கும் மிதந்து போயிருக்கும். நடுவில், மப்ளர் இல்லாத கழுத்தோடு மப்ளர் உட்கார்ந்திருந்தார்.

"யோவ்" என்றார் காத்தாடி. குசலமெல்லாம் மறந்துபோயிற்று. "வாழ்நாள் பூரா என்னை வேகவச்சுட்டு, இங்கே காத்து வாங்குறியா?"

மப்ளர் நிமிர்ந்து பார்த்தார். முகம் மெல்ல விரிந்தது. "வந்துட்டியா? எதிர்ல உட்காரு. முகத்தைப் பார்த்துப் பேசு. வலது காது சுத்தமா போயிடுச்சு. இடது பேருக்கு இருக்கு. உன் குரல்தான் எட்டுது, அதுவும் பாதி. மீதி கேக்காதது என் அதிர்ஷ்டம்."

"எப்பலேருந்து?"

"நீ என்னை முதல்ல பார்த்த நாள்லேருந்து." மப்ளர் குரலைத் தாழ்த்த முயன்றார். தெருவுக்கே கேட்டது. "தெருச் சத்தம் உள்ளே வந்தா மீட்டர் சத்தம் எனக்குக் கேக்காது. வெளியே சொன்னா பில் பிரிவுக்குத் தூக்கிப் போட்டுருவாங்க. அதனால குளிருதுன்னு சொல்லி மப்ளர் கட்டினேன். கோடையில அதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில இன்னொரு காதும் மந்தமாக ஆரம்பிச்சப்ப ஆணி அடிச்சேன். இப்ப எதைக் கேக்கப் போறேன்? காத்தாவது வரட்டும்."

காத்தாடி பையைத் தொட்டுப் பார்த்தார். "அந்தத் திருப்புளி?"

"மரப்பிடி அது ஒண்ணுக்குத்தான். மத்ததெல்லாம் பிளாஸ்டிக், எலும்புக்குச் சத்தம் எதுவும் வராது. நீ போனப்புறம் வேற வச்சுப் பார்த்தேன். ஓடாத மீட்டரை ஒரு தடவை ஓடும்னு சொல்லிட்டேன்யா." இதைச் சொல்லும்போது மட்டும் மப்ளர் சிரிக்கவில்லை. "அன்னைக்கே நானா எழுதிக் கொடுத்துட்டு பில் பிரிவுக்குப் போயிட்டேன்."

திரைச்சீலை ஒன்று பறந்து வந்து காத்தாடியின் முகத்தில் அறைந்தது. அவர் அதை விலக்கவில்லை. ஆளை வெறுப்பேற்றக் கோப்பை என்று எடுத்து வந்தது அந்த மனிதரின் காதை. அதைத்தான் கண்ணாடிக்குள் வைத்துத் தூசு துடைத்துக்கொண்டிருந்தார்.

பைக்குள் கையை விட்டார். ரொட்டி தட்டுப்பட்டது. அதைத் தாண்டிக் கை உள்ளே போனது. பிக்குணியம்மா சொன்னபடியே பின்னால் இழுத்தது. அலமாரியை நினைத்து இழுக்கவில்லை, இவ்வளவு காலம் கழித்து எந்த முகத்தோடு நீட்டுவது என்று இழுத்தது. இழுத்தாலும் நீட்டினார்.

மப்ளர் வாங்கினார். பிடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "எண்ணெய் போட்டு வச்சிருக்க."

"கோபத்துலதான் போட்டேன்."

"கோபத்தை நல்லா பராமரிச்சிருக்க" என்றார் மப்ளர். பிறகு, "சரி, நீ எதுக்குய்யா ஜன்னலைத் திற திறன்னு உயிரை வாங்கின? மூச்சு முட்டுதுன்னு மட்டும் சொல்லாதே. துருத்தி மாதிரி மூச்சுவிடுற ஆள் நீ."

காத்தாடி தரையைப் பார்த்தார். "எதிர்க்கடையில ரொட்டி சுடுற வாசனைக்கு."

மப்ளர் சிரிக்கத் தொடங்கினார். வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்திருந்ததால் அடுத்த தெருவில் இருந்தவர்களும் சேர்ந்து சிரித்திருக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைக் காட்டி, "அதுல வர்ற வாசனையைப் பார்த்தா இன்னொண்ணும் கொண்டாந்திருக்க. எடு" என்றார்.

அடுத்த வாரம் சைக்கிள் கடை மாடிக்கு இருவருமாகப் படியேறினார்கள். உள்ளே நுழைந்ததும் காத்தாடி போய் ஜன்னலைச் சாத்தினார். மப்ளர் போய்த் திறந்தார்.

"உனக்காகத்தான்யா மூடுறேன்."

"எனக்கு எதுக்கு? நீ காத்து வாங்கு."

"மூடினா உனக்குக் கொஞ்சமாவது கேக்கும்."

"திறந்தாத்தான் நீ தொணதொணக்காம இருப்ப."

ஜன்னல் அடித்துக்கொண்ட வேகத்தில் கீல் கழன்றுவிடும் போலிருந்தது. "பாதி திறந்து வச்சிட்டு உட்காருங்க ரெண்டு பேரும்" என்றார் பிக்குணியம்மா. அந்த மீட்டர் அறையில் அத்தனை காலம் யாருக்கும் தோன்றாத யோசனை அது.

கண்ணை மூடினார்கள். காத்தாடி தனக்கு நினைத்தார், மனைவிக்கு நினைத்தார், தபால்தலைக்காரருக்கு நினைத்தார். நாலாவது இடத்துக்கு வந்தால் அங்கே ஆளைக் காணோம். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தாரே. இப்படி ஒரு தரமான விரோதியை இனி எங்கே போய்த் தேடுவது என்று காத்தாடிக்குக் கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது. இருந்தாலும் சொல்லிப் பார்த்தார். நலமா இரு. பயமில்லாம இரு. ஆணி குத்தவில்லை.

முடிவு மணி அடிக்கும் நேரம். பிக்குணியம்மா மரப்பலகை மேல் வெண்கலக் கிண்ணத்தை வைத்து, கட்டையை எடுத்தார். காத்தாடி பாதிக் கண்ணைத் திறந்து, மப்ளரின் மடியில் இருந்த திருப்புளியை எடுத்தார். நுனியைப் பலகை மேல் ஊன்றினார். பிடியை மெல்லச் சாய்த்து மப்ளரின் காதுக்குப் பின்னால், பழைய இடத்தில் வைத்தார். அசையாமல் பிடித்துக்கொண்டார்.

கட்டை கிண்ணத்தைத் தொட்டது. ஓசை எழும்பி, நீண்டு, அறையைச் சுற்றி, மெல்ல மெல்லத் தேய்ந்தது. மப்ளர் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. அது முழுதாக அடங்கும்வரை தலையைச் சாய்த்தபடியே இருந்தார். சுற்றி இருந்தவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

பிறகு கட்டைவிரலைத் தூக்கினார்.

"ஓடும்."