இரண்டுக்கும் ஒரே மைக்

"வீட்டில ரெகோட் பண்ணவா அங்கிள், இல்லாட்டி ஸ்டேஜ்ல பாடவா?" என்று கேட்டாள் புறக்கோட்டை மைக் கடையிலிருந்த ஷிம்னா. கடை அவளுடைய வாப்பாவுடையது. ஆனால் மைக் என்று யார் வந்தாலும் வாப்பாவே அவளைத்தான் கை காட்டுவார். சாதாரணக் கேள்விதான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. இரண்டுக்கும்தான் என்று வெடுக்கென்று சொன்னேன்.

பாவம், அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? என் மனைவி ஐறீனுக்குக் கழுத்தில் கட்டி. வியாழக்கிழமை ஒப்பரேஷன். கட்டி குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டி வரலாம், உயிருக்குப் பயமில்லை, குரலுக்குத்தான் உத்தரவாதம் இல்லை என்று டொக்டர் பேனாவை மூடிக்கொண்டே சொல்லிவிட்டார். ஐறீன் பாடகி. பெரிய பேரெல்லாம் கிடையாது. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முனையிலிருக்கும் அந்தோனியார் சிற்றாலயத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பூசைக்குப் பாடுகிறவள். மட்டக்குளி வரைக்கும் கலியாண வீடு, செத்த வீடு எதுவென்றாலும் ஐறீன் அக்காவைக் கூப்பிடு என்பார்கள். அந்தக் குரல் போனால் அவளிடம் என்ன மிஞ்சும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அவள் கேட்டது ஒரேயொரு விஷயம். ஒப்பரேஷனுக்கு முன்னால் ஒரு பாட்டை, ஒன்றே ஒன்றை, ஒழுங்காகப் பதிந்து வைக்க வேண்டும். போனில் இருப்பதெல்லாம் கோரஸ். பதினொரு பேரின் சத்தத்துக்குள் அவளைத் தேடிப் பிடிக்க வேண்டும். தனியாகப் போனில் பாடியும் பார்த்தாள். மின்விசிறியும் ஒழுங்கையில் போகிற த்ரீவீலும்தான் பெரிதாகக் கேட்டன. இது என்ட குரல் இல்லை, தகரம் என்று சொல்லி அப்போதே அழித்துவிட்டாள்.

ஷிம்னா முதலில் ஸ்டூடியோ மைக் ஒன்றை மாட்டிக் காட்டினாள். இரண்டடி தள்ளி நின்று நான் விட்ட பெருமூச்சைக்கூட அது பிடித்தது. கூடவே வெளியே லொறி பின்னுக்கு வருகிற சத்தத்தையும், மூட்டை தூக்குகிறவன் யாரையோ திட்டிய சிங்களக் கெட்டவார்த்தையையும் பிடித்தது. அடுத்தது வாயோடு ஒட்டிப் பிடித்துப் பாடுகிற மேடை மைக். கிட்ட இருப்பதை மட்டும்தான் அது கேட்கும். "சத்தமான வூடு எண்டா ரெகோடிங்குக்கும் இதுதான் நல்லம் அங்கிள். கீழ ரெண்டு ஓட்டை ஈக்கி, பாருங்க. ஒண்டு ஸ்டேஜ் வயருக்கு, மத்தது நேரா லெப்டொப்புக்கு" என்றாள். விலையும் என் கைக்குள் அடங்கியது. சரியான சாமானைத்தான் அந்தப் பிள்ளை தந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸால் இறங்கினேன். அன்று செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருடைய நாள். சிற்றாலயத்தைத் தாண்டிச் சும்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் போகவில்லை. முழந்தாளில் நின்று, இந்த மைக் உமக்கு, ஜூன் திருவிழாவில் ஐறீன்தான் இதில் முதல் பாட்டுப் பாட வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். நேர்ந்த சாமானை நாங்கள் முதலில் பாவிக்க மாட்டோம். மெழுகுதிரியென்றால்கூடத் திரி கருகாமல்தான் கொண்டுபோய் வைப்போம். அது தெரிந்துதான் நேர்ந்தேன். விசரன்.

வீட்டில் ஐறீன் தலை வாரி, மின்விசிறியை நிறுத்தி, பக்கத்து வீட்டு லெப்டொப்பை இரவல் வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நேர்த்தியைப் பற்றிச் சொன்னேன். பெட்டியைத் திறக்காமலே மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தாள்.

"அப்ப போன்லயாவது இன்னொருக்காப் பதிவமா?" என்றாள்.

"பதிஞ்சு வச்சா, நீ இனிப் பாடமாட்டாய் எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அந்தோனியார் என்ன நினைப்பார்?" என்று கத்தினேன்.

அவள் என்னோடு சண்டை பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. அவளுக்கும் அதே விசுவாசம். சரி என்று தலையாட்டிவிட்டு லெப்டொப்பை மூடினாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குச் சாமான் அடுக்கும்போது மெல்லப் பாடினாள். நான் அடுத்த அறையில் நின்றேன். போன் என் சட்டைப் பையில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

நரம்பை வெட்டத்தான் வேண்டியிருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆண்டவருக்கு நன்றி. ஆனால் அவள் வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபிலிருந்து காற்றுப் போகிற சத்தம்தான் வந்தது. பயிற்சி செய்தால் பேச்சு கொஞ்சம் தெளியும், பாட்டை மறந்துவிடுங்கள் என்றார் டொக்டர். யாரோடு சண்டைக்குப் போவது? டொக்டரோடா, அந்தோனியாரோடா? என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவன்.

மைக்கைக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஐறீன் விடவில்லை. நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று அந்தக் காற்றுச் சத்தத்திலேயே சொன்னாள். திருவிழாவன்று பாதர் அதை மந்திரித்து, கோரஸ் பிள்ளை றேணுகாவின் கையில் கொடுத்தார். பழைய மைக்கின் கரகரப்பு இல்லை. ஒவ்வொரு சொல்லும் கணீரென்று விழுந்தது. சனமெல்லாம் திரும்பி என்னைப் பார்த்து நல்ல மைக் என்று தலையாட்டியது. பக்கத்தில் ஐறீன் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழும்பி ஓட வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பிறெடி, என்ட குரல் எப்பிடி இருந்திச்சு?"

நல்லா இருந்தது என்றேன்.

"நல்லா எண்டா?"

துறைமுகத்தில் ஒரு நாளைக்கு நாற்பது பேரோடு வாய் ஓயாமல் கதைக்கிற கிளார்க் நான். இனிமை என்றேன், பெரிய குரல் என்றேன். யாருக்கும் சொல்லக்கூடிய சொற்கள். அவள் இன்னும் கிட்ட வந்தாள்.

"எனக்கு மறந்துகொண்டு போகுது. மனசுக்குள்ள பாடிப் பாத்தாலும் இந்தக் காத்துத்தான் வருது. நீங்க இவ்வளவு வருஷம் கேட்டனீங்கதானே. உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

நான் கண்ணை மூடிக்கொண்டு தேடினேன். அவள் புதன்கிழமை சாமான் அடுக்கும்போது பாடிய பாட்டைத் தேடினேன். சொற்கள் இருந்தன, மெட்டு இருந்தது. அவற்றைப் பாடிக்கொண்டிருந்தது றேணுகாவின் குரல்.

"நல்லா ஞாபகம் இருக்கு" என்றேன்.