செல் இல்லாத குழியிலும் ஊதா

ஓர் இலையிலிருந்து பிரித்தெடுத்த பொடி நரம்பு செல்களைக் காப்பாற்றுகிறது என்று ஆய்வுக்கூடமே தலைகால் புரியாமல் ஆடியபோது, அங்கே ஆராய்ச்சி மாணவியான அவளும்தான் ஆடினாள். விஷம் கொடுத்த செல்களுக்குப் பொடியையும் கரைத்து ஊற்றி மஞ்சள் சாயத்தை விட்டபோது, அது ஊதாவானது. உயிருள்ள செல்தான் சாயத்தை ஊதாவாக்கும். அன்று மாலையே அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். வினையே அங்கேதான் ஆரம்பம்.

அண்ணன் சலூன்காரன். கை நடுங்க ஆரம்பித்ததும் கத்தியைக் கீழே வைத்தவன், நரம்பு டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தொட மாட்டேன் என்று அடம்பிடித்தான்.

"என் தங்கச்சி மருந்து வரட்டும். நேரா அதையே போட்டுக்கிறேன்."

"இன்னும் எலிக்குக்கூட குடுக்கலைண்ணா!"

"எலி எதுக்கு? நான் இருக்கேன்ல?"

கடைப் பையனிடம் முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் சிரித்தார்கள்.

பிறகொரு நாள், மிச்சமான சாயத்தையும் பொடிக் கரைசலையும் ஒரே கழிவுப் புட்டியில் கொட்டினாள். புட்டி ஊதாவானது. பக்கென்றது அவளுக்கு. உள்ளே ஒரு செல்கூட இல்லையே!

பேராசிரியரிடம் போனாள்.

"கட்டுரையை மாநாட்டுக்கு அனுப்பியாச்சும்மா. இப்பப் போய் ஏன் நோண்டுற?"

"நோண்டியே ஆகணும் சார்."

சோதனைத் தட்டில் செல்லே இல்லாத குழிகளில் பொடியையும் சாயத்தையும் விட்டாள். அத்தனையும் ஊதா. பாழாய்ப்போன பொடி தானே நிறத்தை மாற்றிவிட்டு, செல்கள் பிழைத்ததாக நாடகம் ஆடியிருக்கிறது. செத்த செல்லுக்குள் மட்டும் நுழைகிற நீலச் சாயத்தை, பொடி கொடுத்த செல்களில் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தாள். எங்கும் நீலம். பேராசிரியரும் குனிந்து பார்த்தார். நிமிர மனமில்லாமல் வெகுநேரம் பார்த்தார். "கட்டுரையை வாபஸ் வாங்குறோம்னு மாநாட்டுக்கு நானே எழுதிடுறேன்," என்றார்.

அதோடு முடிந்ததா? சலூனுக்கு யார் போவது? அவளேதான் போனாள்.

"அண்ணா, அது மருந்து இல்ல. சாயம் ஏமாத்திடுச்சு. நானும் ஏமாந்து, உன்னையும் ஏமாத்திட்டேன்."

அண்ணன் முகம் செத்துப்போனது. "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமே நீ."

"சொல்லலைன்னா, வராத மருந்துக்காக நீ உட்கார்ந்தே இருப்ப."

"மாத்திரை போட்டா நடுக்கம் நின்னுடுமா?"

"நிக்காது. குறையும்." பொய் சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டாள். "நான் வேற இலையைத் தேடிக்கிட்டேதான் இருப்பேன். நீ அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது."

"பயமா இருக்கு பாப்பா," என்றான். வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து கேட்டாள். தொடாமல் கிடந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பிரிக்கப் போனாள்.

"குடு இங்க. அதையாவது நானே பண்றேன்."

முதல் மாத்திரை கை தவறி நாற்காலிக்கு அடியில் உருண்டது. அவன் திட்டிக்கொண்டே அடுத்ததைப் பிதுக்கினான். அது வாய்க்குப் போய்ச் சேரும்வரை அவள் தண்ணீரைப் பிடித்தபடி நின்றாள். உதவிக்குக் கையை நீட்டவே இல்லை.